மெதுவான மடிக்கணினியும் 27 வெள்ளி அட்டையும்

மடிக்கணினி இல்லாமல் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டு வெகு காலமாகிவிட்டது. இடுபணி, குழு விளக்கக்காட்சி, இணையவழித் தேர்வு, ஆய்வேடு எல்லாவற்றுக்கும் அதுதான் கதி. ஆனால், எல்லார் கையிலும் இருப்பது புதிய மடிக்கணினி அல்ல. அண்ணன் பயன்படுத்தி விட்டது, அக்கா வேலைக்குப் போனதும் கொடுத்தது, மாமாவின் அலுவலகத்தில் கழித்துக் கட்டியதைக் கேட்டு வாங்கியது என்று நம் மாணவர்களின் விடுதி அறைகளில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கெல்லாம் ஒரு குடும்ப வரலாறு உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களின் குறையும் ஒன்றுதான். “ரொம்ப ஸ்லோ லா!”

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. புதியது வாங்க வசதியுள்ள நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்; நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னுடையது 2012-இல் அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது தவணையில் வாங்கியது. 2 ஜிகாபைட் நினைவகம், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு. வந்தபோது விண்டோஸ் 7 இருந்தது. பிறகு அண்ணன் அதை விண்டோஸ் 10-க்கு மாற்றினார். அன்றிலிருந்து அது மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அது என் கைக்கு வந்தது. முதல் ஆண்டு எப்படியோ ஓடிவிட்டது. 2025-இல் ஆய்வேட்டு வேலையைத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. என் தலைப்புக்கு 1950-களின் ‘தமிழ் நேசன்’ நாளிதழ்ப் பக்கங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. நுண்படத்திலிருந்து எடுத்த அந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றும் பெரிய கோப்பு. ஒரு பக்கம் நாளிதழ், ஒரு பக்கம் நான் தட்டச்சு செய்யும் அத்தியாயம், ஒரு பக்கம் இணையத்தில் அகராதி. மூன்றுக்கும் இடையே மாறும் ஒவ்வொரு முறையும் திரை உறைந்து நிற்கும். ஓரத்திலுள்ள வன்தட்டு விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் கழித்துத் திரை திரும்பி வரும்போது, எழுத நினைத்த வாக்கியம் மனத்தைவிட்டுப் போயிருக்கும்.

மே மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அம்மாவிடம் இதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அம்மா எங்கள் தாமானில் பன்னிரண்டு பேர் சேர்ந்து போடும் கூட்டில் மாதம் 200 வெள்ளி கட்டிவருகிறார். ஜூன் மாதம் அவருடைய முறை. கைக்கு வரும் 2,400 வெள்ளியில் முதலில் அவருக்கு ஒரு நல்ல மூக்குக்கண்ணாடி, மிச்சத்தில் சமையலறைக் கூரைத் தகரம் என்பது ஆறு மாதங்களுக்கு முன்பே முடிவான கணக்கு. நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கண்ணாடி கெடக்கட்டும் பாப்பா. கூட்டுக் காசு வரட்டும், நீ புதுசா ஒண்ணு வாங்கிக்க.”

அம்மா பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்தவர். பட்டர்வொர்த்திலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் பினாங்குப் பாலம் கடந்து போய், நுண்ணோக்கியில் குனிந்தபடி சில்லுகளைப் பார்த்த கண்கள் அவை. இப்போது வீட்டிலிருந்து நாசி லெமாக் கட்டி விற்கிறார். வாடிக்கையாளர் அனுப்பும் புலனச் செய்தியைப் படிக்கக் கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறார். அந்தக் கண்ணாடிக் காசில் எனக்கு மடிக்கணினியா?

“ரெண்டு வாரம் பொறுங்கம்மா. நான் ஏதாவது பண்ணிப் பார்க்கிறேன்” என்றேன்.

கையில் அப்போது கடனுதவிப் பணத்தில் மிச்சமிருந்தது சொற்பம். விடுதியில் பக்கத்து அறைத் தோழிதான் முதலில் வழி சொன்னாள். “ஒரு மெமரி கார்டு வாங்கிப் போடு, மெமரி கூடிடும். விண்டோசிலேயே அதுக்கு வசதி இருக்கு.”

அவள் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியில் பலர் ஏமாந்து போகிறார்கள். அது எந்தப் பாதி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது நான் படித்த தமிழ்ப்பள்ளி என்றால் நம்புவீர்களா?

ஐந்தாம் ஆண்டில் எங்கள் கணினி அறைச் சுவரில் ஆசிரியை கையால் எழுதி ஒட்டிய அட்டவணை ஒன்று இருந்தது. விசைப்பலகை, சுட்டி, திரை, நினைவகம், சேமிப்பகம். நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு என்று அவர் அழுத்திச் சொல்லுவார். “நினைவகம் நீ உட்கார்ந்து எழுதுற மேசை. சேமிப்பகம் பின்னால இருக்கிற அலமாரி. வேலை செய்யும்போது புத்தகம் மேசையில இருக்கணும். வேலை முடிஞ்சா அலமாரிக்குப் போகணும்.” மின்சாரம் நின்றால் மேசை காலியாகிவிடும், அலமாரியில் உள்ளது அப்படியே இருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். பிறகு இடைநிலைப்பள்ளியில் இதையே மலாயில் படித்தேன். அங்கும் ‘இங்காத்தான்’ என்பது வேறு, ‘ஸ்தோரான்’ என்பது வேறு. இரண்டு மொழியிலும் தெளிவாக இருந்த இந்த வேறுபாடு கடைத்தெருவுக்கு வந்ததும் குழம்பிவிடுகிறது. ‘மெமரி கார்டு’ என்று நாம் வாங்குவது சேமிப்பகம். அது ஒரு குட்டி அலமாரி. அதை எத்தனை வாங்கிச் செருகினாலும் மேசை ஓர் அங்குலம்கூட அகலமாகாது. தமிழில் நினைவட்டை என்று பெயர் வைத்தபோது நாமும் அந்தக் குழப்பத்தையே மொழிபெயர்த்துக்கொண்டோம் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சேமிப்பட்டை என்று வைத்திருக்கலாம்.

அப்படியானால் தோழி சொன்னதில் எது சரி? மேசையில் இடம் போதாதபோது கணினி, கொஞ்ச நேரமாகத் தொடாத புத்தகங்களை அலமாரியில் கொண்டுபோய் வைக்கிறது. மறுபடி வேண்டும்போது எழுந்துபோய் எடுத்துவருகிறது. திரை உறைந்து நின்ற அந்த அரை நிமிடம் முழுவதும் அது எழுந்துபோய் வந்துகொண்டிருந்த நேரம். அந்த அலமாரி தொலைவில் இருந்தால் நேரம் கூடும். பக்கத்தில் ஒரு குட்டி அலமாரி இருந்தால் நேரம் குறையும். மைக்ரோசாப்ட் 2007-இல் விஸ்டாவோடு வெளியிட்ட ‘ரெடிபூஸ்ட்’ என்ற வசதி இதைத்தான் செய்கிறது. அட்டையையோ யூஎஸ்பி விரலியையோ செருகினால், அடிக்கடி தேவைப்படும் தரவுகளின் நகலை அதில் வைத்துக்கொண்டு, வன்தட்டுக்குப் போக வேண்டிய நடையைக் குறைக்கிறது. அதற்கென்று தனி மென்பொருள் வேண்டியதில்லை.

வன்தட்டு ஏன் தொலைவான அலமாரி என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் விநாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தரவு படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி. ஆக, ஒரு துண்டுத் தரவுக்கு ஏறத்தாழ 17 மில்லி விநாடி. விநாடிக்கு அறுபது துண்டுகளுக்கு மேல் தேறாது. ஒவ்வொரு துண்டும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்கு 240 கிலோபைட் மட்டுமே! இதே வன்தட்டு ஒரு பெரிய படத்தைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 80, 100 மெகாபைட் கொடுக்கும். ஓரிடத்தில் நின்று படிக்கும்போது வேகமாக இருக்கும் வன்தட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கச் சொன்னால் நொண்டுகிறது.

அட்டையில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. எந்த மூலையில் உள்ள துண்டையும் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் எடுத்துவிட முடியும். ஆனால் தொடர்ச்சியாகப் படிப்பதில் பழைய மடிக்கணினியின் அட்டைத் துளை வன்தட்டை வெல்லாது. ரெடிபூஸ்ட்டுக்கும் இது தெரியும். தொடர்ச்சியான பெரிய கோப்புகளை அது வன்தட்டிடமே விட்டுவிட்டு, சில்லறைத் துண்டுகளை மட்டும் அட்டையிலிருந்து எடுக்கிறது.

அட்டை தேர்வு செய்வதன் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. கடையில் அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது கொள்ளளவு. அடுத்து “170 மெகாபைட் வரை” என்று ஒரு வேகம். அந்த ‘வரை’ என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. அது தொடர்ச்சியாகப் படிக்கும் உச்ச வேகம், அதுவும் அதற்கேற்ற புதிய வகைப் படிப்பானில். பல பழைய மடிக்கணினிகளின் அட்டைத் துளை உள்ளே யூஎஸ்பி 2.0 இணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் முப்பது சொச்சம் மெகாபைட்டுக்கு மேல் எதுவும் ஓடாது. வட்டத்துக்குள் 10 என்றும், வி30 என்றும் இருக்கும் குறிகளோ எழுதும் வேகத்தைப் பற்றியவை: தொடர்ந்து எழுதும்போது குறைந்தது 10 மெகாபைட், 30 மெகாபைட் என்று பொருள். ஒளிப்பதிவு செய்பவர்களுக்கு அது முக்கியம். நமக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

நமக்கு வேண்டிய குறி மிகச் சிறியது: ஏ1. எஸ்டி சங்கம் 2016-இல் கொண்டுவந்த குறி இது. செயலிகளைக் கைப்பேசி அட்டையில் வைத்து இயக்குவதற்காக உருவானது. ஏ1 என்றால் விநாடிக்குக் குறைந்தது 1,500 சில்லறைத் துண்டுகளைப் படிக்க வேண்டும், 500 துண்டுகளை எழுத வேண்டும். வன்தட்டின் அறுபதோடு இந்த 1,500-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். விஸ்டா காலத்தில் ரெடிபூஸ்ட் ஒரு கருவியை ஏற்றுக்கொள்ள வைத்த தேர்வும் இதைப் போன்றதுதான்: 4 கிலோபைட் துண்டுகளை விநாடிக்கு 2.5 மெகாபைட்டாவது படிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 640 துண்டு. ஏ2 என்று இதைவிட உயர்ந்த குறியும் 2017-இல் வந்தது. ஆனால் அதன் கூடுதல் வேகம் வெளிப்பட, செருகும் கருவியும் அதற்கான கட்டளைகளை அறிந்திருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டு மடிக்கணினிக்கு அதெல்லாம் தெரியாது. ஏ2-க்குக் கூடக் காசு கொடுப்பது, கம்பத்துச் சாலையில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவது மாதிரி.

இவ்வளவையும் குறித்து வைத்துக்கொண்டு அம்மாவை மறுபடி அழைத்தேன். காசு வேண்டாம், முதலில் ஓர் அட்டை வாங்கிப் பார்க்கிறேன் என்றேன்.

“என்ன கார்டு?”

“ஃபிளாஷ் மெமரிம்மா. சின்னதா, நகம் மாதிரி இருக்கும்.”

அம்மா சிரித்துவிட்டார். “எங்க லைன்ல ஓடுன சாமான எனக்கே சொல்லித் தர்றியா?”

உண்மையில் எனக்கு அதுவரை தெரியாது. அம்மா ‘கம்பெனிக்கு’ப் போனார் என்று தெரியும், ‘ஐசி’ பார்த்தார் என்று தெரியும். அந்த ஐசிகளில் ஒரு பகுதி ஃபிளாஷ் நினைவுச் சில்லுகள் என்பதை அன்றுதான் கேட்டேன். ஒரே அளவு என்று எழுதிய இரண்டு அட்டைகளின் விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று நான் குழம்பிக்கொண்டிருந்ததற்கு அவரே பதில் சொன்னார்.

“ஒரே வேஃபர்ல இருந்து வெட்டுன சாமான்தான் பாப்பா. தட்டுல அடுக்கி வச்சா எது நல்லது, எது மட்டம்னு எந்த மைக்ரோஸ்கோப்புலயும் தெரியாது. டெஸ்டர்ல போட்டாத்தான் தெரியும். பின் ஒண்ணு, பின் ரெண்டு, பின் மூணுன்னு மெஷினு பிரிச்சுப் போட்டுக்கிட்டே போகும். பின் ஒண்ணு நல்ல வெலைக்குப் போகும். மத்தது வேற பேருல போகும். ரிஜெக்ட நாங்க எண்ணிப் பூட்டி வைக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் சூப்பர்வைசர் கத்துவா.”

“ஏம்மா பூட்டணும்?”

“வெளிய போனா எவனாச்சும் பேர் அடிச்சு வித்துடுவான்ல?”

அம்மா சொன்னதை வைத்துக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா. 1984-இல் அதை உலகுக்கு அறிவித்தார். இன்று அட்டைகளில் உள்ள ‘நேண்ட்’ வகை 1987-இல் வந்தது. ஒரு பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் விதம் கேமராவின் பளிச்சொளியை நினைவூட்டியதால் அவருடன் வேலை செய்த ஒருவர் சூட்டிய பெயர்தான் ஃபிளாஷ். பெயரிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. எழுதிய இடத்தின் மேலேயே திருத்தி எழுத அதற்கு இயலாது. ஒரு சொல்லை மாற்ற ஒரு பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுபோல, ஒரு தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். புதிதாகத் தொழிற்சாலையைவிட்டு வரும் சில்லுகளில்கூடச் சில தொகுதிகள் பழுதாக இருப்பது வழக்கம். எவை என்று குறித்தே அனுப்புகிறார்கள். இவற்றையெல்லாம் சமாளித்து, எதை எங்கே எழுதுவது என்று முடிவு செய்வது அட்டைக்குள் இருக்கும் கட்டுப்படுத்திச் சில்லு. மலிவு அட்டையில் அது மந்தமாக இருக்கும். பெரிய கோப்பை எழுதும்போது தெரியாது, சில்லறைத் துண்டுகளை எழுதும்போது திணறும். வெளியே எல்லா அட்டைகளும் ஒரே கறுப்பு.

அம்மா சொன்ன “பேர் அடிச்சு விப்பான்” என்பதும் நடக்கிறது. விடுதியில் ஒரு தோழி இணையத்தில் 1 டெராபைட் அட்டையை முப்பது சொச்சம் வெள்ளிக்கு வாங்கினாள். செருகினால் கணினியும் 1 டெராபைட் என்றுதான் காட்டியது. ஏழெட்டு ஜிகாபைட் நிரம்பியதும் அதற்குப் பின் போட்ட படங்கள் எதுவும் திறக்கவில்லை. கட்டுப்படுத்தியைப் பொய் சொல்லப் பழக்கி விற்கும் அட்டைகள் இவை. ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவசச் செயலி, அட்டை முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். எந்த அட்டை வாங்கினாலும் முதல் நாளே அதை ஓட்டிவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை புக்கிட் பிந்தாங்கில் இறங்கி லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். ஒரு கடையில் சீன இளைஞர் ஒருவர் 128 ஜிகாபைட் அட்டையை நீட்டினார். “இனி லாஜு, மோய்” என்றார். வேகமாம். நான் ஏ1 குறி உள்ளது வேண்டும், 32 ஜிகாபைட் போதும் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். இழுப்பறைக்குள் தேடி எடுத்துக் கொடுத்தார். மைக்ரோ எஸ்டி அட்டை, அதைச் செருகும் பெரிய உறையோடு, 27 வெள்ளி. பெரிய அட்டை எதற்கும் உதவாது என்பதல்ல. இந்த வேலைக்கு வேண்டாம். நினைவகத்தைப்போல் ஒன்று முதல் மூன்று மடங்கு ஒதுக்கினால் போதும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. என் 2 ஜிகாபைட்டுக்கு 6 ஜிகாபைட் தாராளம். எத்தனை பெரிய அட்டை என்றாலும் ஒன்றில் 32 ஜிகாபைட்டுக்கு மேல் ரெடிபூஸ்ட் எடுத்துக்கொள்ளாது. அட்டை ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிகாபைட்டோடு நின்றுவிடும் என்பதால் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டேன். யூஎஸ்பி விரலியை வாங்காததற்குக் காரணம் எளிது. கட்டிலில் வைத்து வேலை செய்பவள் நான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஒரு வாரம் தாங்காது.

அறைக்கு வந்து, அட்டையைச் சோதித்து, அதன் பண்புகளில் ரெடிபூஸ்ட் பகுதியைத் திறந்து 6 ஜிகாபைட்டை ஒதுக்கினேன். முதல் நாள் ஒரு மாற்றமும் இல்லை. அட்டையில் நகல்கள் சேர நேரம் வேண்டும். மூன்றாம் நாள் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்தேன். நாளிதழ்ப் பக்கங்களைப் பார்த்துவிட்டு அத்தியாயத்துக்குத் திரும்ப, முன்பு 38 விநாடி ஆனது 21 விநாடி ஆனது. உலாவிக்கு மாறுவது 30-லிருந்து 17. நாளிதழ்ப் பக்கத்தை முதன்முறை திறப்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. அது தொடர்ச்சியான பெரிய கோப்பு, வன்தட்டின் வேலை. கணினி தொடங்குவதற்கு எப்போதும்போல் நான்கு நிமிடம். மடிக்கணினி முயலாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆமை கொஞ்சம் கால் வீசி நடந்தது. ஆனால் எழுத நினைத்த வாக்கியம் மறக்குமுன் திரை திரும்பி வந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

எல்லாருக்கும் இந்தப் பலனும் கிடைக்காது. 4 ஜிகாபைட், 8 ஜிகாபைட் நினைவகம் உள்ளவர்களின் மேசை முன்பே அகலமானது. குட்டி அலமாரியால் அவர்களுக்கு அவ்வளவாக ஆதாயம் இல்லை. விஸ்டா வந்த காலத்தில் 512 மெகாபைட்டோடு தவித்தவர்களுக்குத்தான் இது உண்மையான கைகொடுப்பு. அட்டையைப் பற்றிச் சிலர் பயப்படுவார்கள். அதிலிருப்பது எல்லாம் நகல். மூலம் வன்தட்டில் இருக்கிறது. தவறிப் பிடுங்கினாலும் எழுதியது அழியாது. யாராவது எடுத்துப்போனாலும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் படிக்க முடியாது. அட்டை தேயும் என்பது மட்டும் மெய். ஃபிளாஷ் சில்லின் ஒவ்வொரு தொகுதியையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் ஆயுள் உண்டு. 27 வெள்ளிக்கு அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு அத்தியாயங்களையும் ஜூலையில் ஒப்படைத்தேன். அதற்கு முன், ஜூன் மாதக் கூட்டுக் காசில் அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். கூரைத் தகரமும் மாறியது. ஆகஸ்டு விடுமுறையில் நானும் ஒரு பகுதிநேர வேலை பார்த்து, 240 ஜிகாபைட் திண்மநிலை வட்டு ஒன்றை 110 வெள்ளிக்கும், யாரோ பயன்படுத்திய 4 ஜிகாபைட் நினைவகம் ஒன்றை 35 வெள்ளிக்கும் வாங்கினேன். மேசை, அலமாரி இரண்டுக்கும் சரியான மருந்து அதுதான். கையில் அந்தக் காசு இருப்பவர்கள் அட்டையைத் தாண்டி நேரே இங்கு வந்துவிடுவது நல்லது. திண்மநிலை வட்டுக்குள் இருப்பதும் ஃபிளாஷ் சில்லுகளே. ஆனால் அங்கே பல சில்லுகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, கட்டுப்படுத்தியும் கெட்டிக்காரச் சில்லு, இணைப்பும் அகலப் பாதை. பட்டர்வொர்த் வீட்டு வரவேற்பறையில் அண்ணன் திருப்புளியோடு உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். நான்கு நிமிடத்தில் தொடங்கியது முப்பத்தைந்து விநாடியில் தொடங்கியது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், அண்ணன் பிறகு அதில் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டார். இந்தக் கட்டுரையும் அதில் எழுதியதுதான்.

திண்மநிலை வட்டு பொருத்திய அன்று ஆர்வத்தால் பழைய அட்டையைச் செருகி ரெடிபூஸ்ட் பகுதியைத் திறந்து பார்த்தேன். இந்தக் கணினி போதிய வேகத்தில் இருக்கிறது, ரெடிபூஸ்ட்டால் கூடுதல் பயன் இராது என்று அதுவே சொல்லிவிட்டது. வேலை போன அட்டையை அம்மாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுக்கலாம் என்று வெளியே எடுத்தேன். அம்மா கையை நீட்டி வாங்கினார். புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விளக்குக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏ ஒண்ணுன்னு போட்டிருக்கான். எந்த பின்னுன்னு போடலையே?”